எந்தக் கோல், எந்தப் பிடி? கோலூன்றித் தாண்டுவோர் முன்னுள்ள நான்கு வழிகள்

மாவட்டப் போட்டிகள் நெருங்கும் காலத்தில் சேலத்து உடற்கல்வி ஆசிரியர்களிடமும் தாண்டும் மாணவர்களின் பெற்றோரிடமும் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது. பிள்ளை இப்போது வைத்திருக்கும் கோல் போதவில்லை போலத் தெரிகிறது. கையை இன்னும் மேலே ஏற்றிப் பிடிக்கச் சொல்வதா, புதிய கோல் வாங்குவதா, மூத்த மாணவர் விட்டுச்சென்ற நீளமான கோலை இறக்கிப் பிடித்துப் பழகச் சொல்வதா? கேட்பவர்கள் பெரும்பாலும் கோலைப் பற்றியே கேட்கிறார்கள். பிடியின் உயரத்தைத் தீர்மானிக்காமல் கோலைத் தீர்மானிக்க முடியாது என்பதும், இவ்விரண்டையும் குறுக்குக் கம்பு நின்றதா விழுந்ததா என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்துக்கொள்வோம். மாணவருக்கு வயது 17, எடை 58 கிலோ. 3.66 மீட்டர் நீளமும் 130 பவுண்டு, அதாவது 59 கிலோ மதிப்பும் (எந்த எடையுள்ளவருக்கானது என்ற குறிப்பு) கொண்ட கண்ணாடியிழைக் கோலை அடிமுனையிலிருந்து 3.50 மீட்டரில் பிடித்து 3.20 மீட்டரைத் தாண்டுகிறார். கடந்த சில வாரங்களாகக் கோல் மிகுதியாக வளைகிறது. பள்ளியின் சாமான் அறையில் 4.00 மீட்டர் நீளமும் 140 பவுண்டு, அதாவது 63.5 கிலோ மதிப்பும் கொண்ட பழைய கோல் ஒன்று கிடக்கிறது. அவர் முன் நான்கு வழிகள் உள்ளன: இருக்கும் கோலிலேயே கையை ஏற்றுவது, இருக்கும் கோலிலேயே கையை இறக்குவது, அதே நீளத்தில் விறைப்புக் கூடிய கோலுக்கு மாறுவது, நீளமான கோலை இறக்கிப் பிடிப்பது.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மெத்தையில் விழும் இடம். கோலின் அடிமுனை, ஓடுபாதையின் முடிவில் தரைக்குள் பதிந்த ஊன்றுபெட்டியின் பின்சுவரில் ஊன்றியதும், தாண்டுபவர் தம் ஓட்டத்தின் வேகத்தால் கோலை வளைக்கிறார். அதே வேகத்தால் அதைச் செங்குத்து நிலைக்குச் சுழற்றவும் செய்கிறார். கோல் செங்குத்தைக் கடந்து, அவர் மெத்தையின் நடுப்பகுதியில் முதுகால் விழுந்தால் பிடியும் கோலும் பொருந்தியிருக்கின்றன. மெத்தையின் முன்விளிம்பிலோ பெட்டியின் அருகிலோ விழுந்தால் பிடி அதிகம், அல்லது கோல் விறைப்பு, அல்லது ஊன்றலில் பிழை. பின்பாதியில் போய் விழுந்தால் கோல் இளகியது, அல்லது பிடியை ஏற்ற இடமிருக்கிறது. கம்பைத் தட்டாமல் தாண்டி மெத்தையின் முன்விளிம்பில் விழுந்த மாணவருக்கு மைதானமே கைதட்டும். பயிற்சியாளர் கவலைப்பட வேண்டிய தாண்டல் அதுதான்.

இரண்டாவது, ஓட்டத்தின் கடைசி 5 மீட்டரில் உள்ள வேகம். அந்த ஆற்றலே உயரமாக மாறுகிறது. வினாடிக்கு 7 மீட்டர் வேகம் முழுவதும் உயரமாக மாறினால் உடலின் நிறைமையம் 2.5 மீட்டர் உயரும். 8 மீட்டர் வேகத்தில் 3.26 மீட்டர்; 9 மீட்டர் வேகத்தில் 4.13 மீட்டர். நிற்கும்போதே நிறைமையம் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் இருப்பதும், கைகளால் தள்ளுவதால் கூடுவதும், ஊன்றலில் இழப்பதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆனாலும் ஒன்று விளங்கும்: 8 மீட்டர் வேகத்தை 8.3 ஆக்கினாலே 25 செ.மீ. கூடுகிறது, எந்தக் கோலையும் மாற்றாமல். இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். தரையில் 5 மீட்டருக்கு இரு கோடுகள் போட்டு, வினாடிக்கு 120 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) பதியும் கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து படமெடுத்தால், அந்தத் தூரத்தைக் கடக்க 75 சட்டங்கள் ஆனால் வேகம் 8 மீட்டர், 86 சட்டங்கள் ஆனால் 7 மீட்டர்.

மூன்றாவது, பிடியின் உயரத்துக்கும் தாண்டிய உயரத்துக்கும் உள்ள வேறுபாடு. பெட்டியின் ஆழம் 20 செ.மீ.; ஆகவே பிடியின் அளவிலிருந்து 20 செ.மீ. கழித்தால் கிடைப்பதே தரையிலிருந்து மேல்கையின் உண்மையான உயரம். நம் மாணவரின் பிடி 3.50 மீட்டர், கழித்தால் 3.30 மீட்டர், அவர் தாண்டுவதோ 3.20 மீட்டர். தம் கை இருக்கும் உயரத்தைவிட 10 செ.மீ. குறைவாகத்தான் அவர் தாண்டுகிறார். 2025இல் டோக்கியோ உலகப் போட்டியில் ஸ்வீடனின் அர்மாண்ட் டுப்லாண்டிஸ் 6.30 மீட்டரைத் தாண்டினார். அவர் பயன்படுத்தும் 5.20 மீட்டர் கோலை நுனியிலேயே பிடித்திருந்தாலும் கையின் உயரம் 5.00 மீட்டர்தான், மேலே குறைந்தது 1.30 மீட்டர் அவர் உடல் போயிருக்கிறது. பள்ளி மாணவர் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் இந்த வேறுபாடு குறைவாக இருக்கும்வரை, அவருக்குத் தேவைப்படுவது உயர்ந்த பிடியா, தலைகீழாக உடலைத் தூக்கும் பயிற்சியா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நான்காவது அளவுகோல், கோலின் மேல் எழுதியிருப்பது என்ன, அது எதைக் குறிக்கிறது என்பது. ஐந்தாவது பணமும் போக்குவரத்தும். சேலத்திலிருந்து போட்டிக்குப் போகும் குடும்பங்களுக்கு இந்த ஐந்தாவதுதான் பல நேரங்களில் முதலாவதாகிவிடுகிறது.

கோலின் மேலுள்ள எண்கள்

கோலில் மூன்று எண்கள் இருக்கும்: நீளம், எடை மதிப்பு, வளைவு எண். எடை மதிப்பு, கோலைத் தயாரிப்பாளர் குறித்த மேல்பிடிப் பட்டைக்கு அருகில் பிடித்தால் மட்டுமே பொருந்தும். அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளில் தாண்டுபவரின் எடை கோலின் எடை மதிப்பைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்றும், மேல்கை அந்தப் பட்டையைத் தாண்டக் கூடாது என்றும் விதி உண்டு. உலகத் தடகள அமைப்பின் விதிகளில் அப்படி ஏதும் இல்லை. கோல் எந்தப் பொருளாலும், எந்த நீளத்திலும், எந்தப் பருமனிலும் இருக்கலாம். அந்த விதிகளைப் பின்பற்றும் நம் போட்டிகளில் யாரும் மாணவரை எடைபோட்டுக் கோலோடு ஒப்பிடப் போவதில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு முழுவதும் பயிற்சியாளரின் தலையில் விழுகிறது. என் கருத்தில் பள்ளி அளவில் அந்த அமெரிக்க விதியை நாமாகவே கடைப்பிடிப்பது நல்லது.

வளைவு எண் என்பது, கோலை இருபுறமும் தாங்கி வைத்து நடுவில் 50 பவுண்டு எடையைத் தொங்கவிடும்போது அது எத்தனை செ.மீ. தாழ்கிறது என்பது. எண் சிறியதானால் கோல் விறைப்பு. ஒரே நிறுவனத்தின் ஒரே நீளமுள்ள கோல்களுக்கு இடையில் மட்டுமே இந்த எண்ணை ஒப்பிட வேண்டும். வேறு நீளத்தோடும் வேறு நிறுவனத்தோடும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

இங்கே எடை என்பது ஓர் அடையாளம் மட்டுமே. 58 கிலோ எடையுள்ள இருவரில் ஒருவர் வேகமாக ஓடி, கையை முழுதும் நீட்டி ஊன்றினால் அவருக்கு 64 கிலோ கோலும் இளகியதாகத் தோன்றும். மற்றவருக்கு 59 கிலோ கோலே வளையாமல் பின்னால் தள்ளும். வளரும் பிள்ளைகளின் எடையோ நிற்பதில்லை. சேலத்து மாம்பழக் காலத்தை வீட்டில் கழித்துவிட்டு ஜூனில் மைதானத்துக்குத் திரும்பும் மாணவரிடம், முதலில் எடைபோடாமல் ஏப்ரலில் பயன்படுத்திய கோலைக் கொடுக்கக் கூடாது.

வழி ஒன்று: இருக்கும் கோலில் கையை ஏற்றுவது

செலவில்லாத வழி என்பதால் எல்லோரும் முதலில் நாடுவது இதைத்தான். கோல் செங்குத்தை எளிதாகக் கடந்து, மாணவர் மெத்தையின் நடுவைத் தாண்டி விழும்போது, மேல்பிடிப் பட்டைக்குக் கீழே இன்னும் இடமும் இருந்தால், இது சரியான வழி. ஒரு முறைக்கு 5 செ.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டியதில்லை.

இதன் மறைந்த செலவு ஓடுபாதையில் இருக்கிறது. காலை எடுக்கும் கணத்தில் மேல்கை தரையிலிருந்து 2.15 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பெட்டியின் ஆழத்தையும் சேர்த்தால் 2.35 மீட்டர். பிடி 3.50 மீட்டராக இருந்தால் கோல் ஏறத்தாழ 42 பாகைச் சாய்வில் ஊன்றும், காலை எடுக்கும் இடம் பெட்டியின் பின்சுவரிலிருந்து 2.59 மீட்டர் தொலைவில் அமையும். பிடியை 3.80 மீட்டராக்கினால் சாய்வு 38 பாகையாகக் குறையும், கால் எடுக்கும் இடம் 2.99 மீட்டருக்குப் பின்வாங்கும். பிடியை 30 செ.மீ. ஏற்றியவர் அடி வைக்கும் இடத்தை 40 செ.மீ. பின்னே கொண்டுபோக வேண்டியிருக்கிறது, 5 செ.மீ. ஏற்றியவர்கூட 7 செ.மீ. பின்னே போக வேண்டும். ஓட்டம் தொடங்கும் குறியை மாற்றாமல் கையை மட்டும் ஏற்றினால், கால் மேல்கைக்கு நேர் கீழே விழாமல் அதற்கு முன்னால் விழும். இதை மைதானத்தில் அண்டர் என்கிறார்கள். அண்டரில் ஊன்றும் கோல், உண்மையில் இளகியதாக இருந்தாலும், கல்லைப் போல உணர்த்தும். முதுகையும் தோளையும் ஒருசேர இழுக்கும். அதை அனுபவித்த மாணவர் கோல் விறைப்பு என்று புகார் சொல்வார், இளகிய கோல் தேடிக் கொடுக்கப்படும், அதன்பின் ஒருநாள் கால் சரியாக விழும்போது அந்த இளகிய கோல் அவரை மெத்தைக்கு வெளியே வீசும். கோலை மாற்றுவதற்கு முன் கால் எங்கே விழுகிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பது இலவசம்.

நம் எடுத்துக்காட்டு மாணவருக்கு இந்த வழி மூடியிருக்கிறது. 3.66 மீட்டர் கோலில் 3.50 மீட்டர் என்பது ஏற்கெனவே பட்டையின் அருகே. மேலும் கோல் மிகுதியாக வளைகிறது; கையை ஏற்றினால் அது இன்னும் இளகும்.

வழி இரண்டு: இருக்கும் கோலில் கையை இறக்குவது

கையை இறக்கினால் வளையும் நீளம் குறைகிறது, ஆகவே கோல் விறைக்கிறது. 15 செ.மீ. இறக்குவது ஏறத்தாழ 10 பவுண்டு, அதாவது 4.5 கிலோ கூடுதல் மதிப்புள்ள கோலுக்கு மாறுவதற்குச் சமம் என்பது பயிற்சியாளர்களிடையே புழங்கும் கணக்கு. கூடவே கோலைச் செங்குத்தாக்குவதும் எளிதாகிறது. ஓட்டத்தின் அடிகளைக் குறைத்துப் பயிற்சி செய்யும் நாள்களில், உடல் களைத்திருக்கும் நாள்களில், காயத்திலிருந்து திரும்பும் மாதங்களில், எதிர்க்காற்று வீசும்போது, முன்பின் தெரியாத மைதானத்தில் முதல் தாண்டலின்போது இதுவே முறையான தெரிவு.

இதற்கான விலை மாணவரின் தன்மதிப்பில் கொடுக்கப்படுகிறது, அதனால்தான் பலர் ஒப்புக்கொள்வதில்லை. பிடியை இறக்கச் சொன்னால் தரம் இறக்கியதாக எடுத்துக்கொள்கிறார்கள். 3.40 மீட்டரைத் தாண்டும் இருவரில் ஒருவர் 3.60 மீட்டரிலும் மற்றவர் 3.30 மீட்டரிலும் பிடித்தால், பெட்டியின் 20 செ.மீ. ஆழத்தைக் கழித்தால், முதலாமவர் தம் கையின் உயரத்தைத்தான் எட்டியிருக்கிறார். இரண்டாமவர் அதற்கு மேல் 30 செ.மீ. போயிருக்கிறார். வேகம் கூடும்போது இரண்டாமவர் பிடியை ஏற்றிக்கொண்டே போகலாம். முதலாமவருக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் எல்லையும் உண்டு. கோல் அளவுக்கு மீறி வளைவதைச் சமாளிக்க 5 முதல் 8 செ.மீ. வரை இறக்கலாம். 15 செ.மீ. இறக்கியும் வளைவு அடங்கவில்லை என்றால் அந்தக் கோலை விட்டு வெளியேற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வழி மூன்று: அதே நீளம், கூடிய விறைப்பு

இதுதான் என் பரிந்துரை, பெரும்பாலான நேரங்களில். பிடி மாறவில்லை, கால் விழும் இடம் மாறவில்லை, ஓட்டத்தின் குறி மாறவில்லை. ஒன்று மட்டுமே மாறுகிறது, அதனால் எது எதனால் நிகழ்ந்தது என்று தெரிகிறது. கோல்கள் பெரும்பாலும் 5 பவுண்டு, அதாவது 2.3 கிலோ இடைவெளியில் கிடைக்கின்றன; ஒரு படிக்கு மாறுபவர் வேறுபாட்டை அவ்வளவாக உணரமாட்டார், இரு படி என்றால் முதல் சில தாண்டல்களில் பிடியை 5 செ.மீ. இறக்கி, பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம்.

எப்போது மாறுவது என்பதைக் குறுக்குக் கம்பைத் தாங்கும் தாண்டுநிலைத் தூண்கள் சொல்லும். பெட்டியின் பின்சுவரை ஒட்டிய கோட்டிலிருந்து மெத்தையின் பக்கமாக 80 செ.மீ. வரை அவற்றை நகர்த்த விதி இடம் தருகிறது. மாணவர் தூண்களை 80இலேயே வைக்கச் சொல்லி, அப்படியும் ஏறும் வழியில் கம்பை இடித்துக்கொண்டு மெத்தையின் பின்பாதியில் விழுகிறார் என்றால் அடுத்த படிக் கோல் வேண்டும். தூண்களை 40, 45க்குக் கொண்டுவரச் சொல்கிறார், கம்பின் மேலேயே விழுகிறார் என்றால் கோல் ஏற்கெனவே அவருக்கு அதிகம்.

மறைந்த செலவு வெளிப்படையானது: ஒரு கோல் வாங்கினால் போதாது. வேகம் கூடக் கூட அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கோலின் விலையோடு சுங்க வரியும், 4 மீட்டர் குழாயை அனுப்பும் சரக்குக் கட்டணமும் சேரும். தனி ஒரு குடும்பம் இந்த வரிசையைத் தாங்குவது கடினம். நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து, ஆளுக்கொரு கோல் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் முடியும், 2.3 கிலோ இடைவெளியில் யார் எதை வாங்குவது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வழி நான்கு: நீளமான கோலை இறக்கிப் பிடிப்பது

தீபாவளிக்குச் சட்டை எடுக்கும்போது வளரும் பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக எடுக்கும் நம் பழக்கம் கோல் வாங்கும்போதும் வந்துவிடுகிறது. இப்போது இறக்கிப் பிடிக்கட்டும், போகப் போக ஏற்றிக்கொள்ளலாம், ஒரே கோலில் மூன்று வருடம் ஓட்டலாம் என்பது கணக்கு. 2023இல் அஸ்தானாவில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில் இந்திய வீராங்கனைகள் பவித்ரா வெங்கடேஷ் 4.00 மீட்டர் தாண்டி வெள்ளியும், ரோஸி மீனா பால்ராஜ் 3.90 மீட்டர் தாண்டி வெண்கலமும் வென்றார்கள். அதைப் பார்த்த பெற்றோர் தம் மகளுக்கும் 4 மீட்டருக்கு மேற்பட்ட கோல் வேண்டும் என்று கேட்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கோல் அந்த வீராங்கனைகளின் வேகத்துக்கானது.

சாமான் அறையிலுள்ள 4.00 மீட்டர் கோலை நம் மாணவர் 3.60 மீட்டரில் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் 63.5 கிலோ மதிப்பு, மேல்பட்டை 3.85 மீட்டர் அருகே இருந்தால், அங்கே பிடிப்பவருக்கானது. 25 செ.மீ. இறக்கியதும், முன்சொன்ன கணக்கின்படி, அது 70 கிலோவைத் தாண்டிய கோலாக மாறிவிடுகிறது. 58 கிலோ மாணவர், வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வந்து, 70 கிலோ கோலை ஊன்றுகிறார். கோல் வளையாது; வளையாத கோல் தள்ளும்; அவர் பெட்டியிலோ ஓடுபாதையிலோ விழுவார். இந்த விளையாட்டில் மோசமான காயங்கள் மெத்தைக்கு வெளியே, முன்பக்கமோ பின்பக்கமோ பக்கவாட்டிலோ, கடினத் தரையில் விழுவதால் ஏற்படுபவை.

வேறு குறைகளும் உண்டு. கைக்கு மேலே பயன்படாமல் நீளும் பகுதியையும், முன்னே நீளும் கனத்தையும் சுமந்துகொண்டே ஓட வேண்டும். 14, 16 காலடி எடுத்து வைக்கும் ஓட்டத்தில் அது வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் கோல் மேலும் விறைக்கும். கண்ணாடியிழைக் கோலின் சுற்று அடுக்குகள் உயரத்துக்கேற்ப மாறுவதால், மிக இறக்கிப் பிடிப்பவருக்கு வளைவு வடிவமைப்பாளர் எண்ணிய இடத்தில் விழுவதில்லை.

அப்படியானால் இது எப்போது பொருந்தும்? கோல் நீளமாக இருந்தாலும் எடை மதிப்பு மாணவரின் எடைக்கு அருகில் இருந்து, இறக்கம் பட்டையிலிருந்து 15 செ.மீ.க்குள் அடங்கினால் பொருந்தும். மாணவர் உயரமானவராக, நீட்டிய கை உயரத்தில் எட்டக்கூடியவராக இருந்தாலும் கைகொடுக்கும், ஏனெனில் உயரமானவருக்கு ஊன்றும் சாய்வு இயல்பாகவே செங்குத்தை நெருங்குகிறது. வேறு கோலே இல்லை என்ற நிலையில் சிலர் இதைத்தான் செய்கிறார்கள் என்பதும் தெரியும். அப்போது தாண்டலை விட்டுவிட்டு, மணலில் ஊன்றி ஊசலாடும் பயிற்சிக்கும், நடந்து வந்து ஊன்றும் பயிற்சிக்கும் மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

ஒரே பார்வையில்

| வழி | எப்போது ஏற்றது | மறைந்த செலவு | நிறுத்த வேண்டிய அடையாளம் |
|---|---|---|---|
| கையை ஏற்றுவது | மெத்தையின் நடுவைத் தாண்டி விழும்போது, பட்டைக்குக் கீழ் இடமிருக்கும்போது | ஓட்டக் குறியை மாற்ற வேண்டும், 5 செ.மீ.க்கு 7 செ.மீ. | முன்விளிம்பில் விழுவது |
| கையை இறக்குவது | குறுகிய ஓட்டம், களைப்பு, எதிர்க்காற்று, புதிய மைதானம் | எட்டும் உயரம் தற்காலிகமாகக் குறையும் | 15 செ.மீ. இறக்கியும் மிகுதியாக வளைவது |
| அதே நீளம், கூடிய விறைப்பு | தூண்கள் 80இல் இருந்தும் பின்பாதியில் விழும்போது | கோல் வரிசை தேவை | கம்பின் மேலேயே விழுவது |
| நீளக் கோலை இறக்கிப் பிடிப்பது | எடை மதிப்பு பொருந்தி, இறக்கம் 15 செ.மீ.க்குள் இருக்கும்போது | சுமை, போக்குவரத்து, எதிர்பாராத விறைப்பு | கோல் வளையாமல் பின்னே தள்ளுவது |

கோலைக் கொண்டுபோவது

நீளம் என்பது மைதானத்துக்கு வெளியிலும் ஒரு செலவு. 3.66 மீட்டர் கோலைச் சிறிய வேனின் மேல் முன்னும் பின்னும் கட்டிவிடலாம்; 4 மீட்டருக்கு மேற்பட்டது ரயில் பெட்டிக்குள் எங்கும் அடங்காது, நடைபாதையில் கிடத்தினால் பயணிகளோடும் பணியாளர்களோடும் தகராறு. சேலம் சந்திப்பிலிருந்து சென்னைக்குப் போகும் குழு முன்கூட்டியே சரக்குப் பெட்டியில் பதிவு செய்தாலும், இறங்கும் இடத்தில் கோல் வந்ததா என்ற கவலை தீராது. பெரிய போட்டிகளிலும் இது நடந்திருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிரேசிலின் ஃபாபியானா முரெரின் கோல்களில் ஒன்று போட்டியின் நடுவே காணாமல் போனது. 1972 மியூனிக்கில் அமெரிக்காவின் பாப் சீக்ரெனின் கோல் தடை செய்யப்பட்டு, பழகாத கோலால் தாண்டி அவர் வெள்ளியோடு திரும்பினார். ஆகவே நம் மாணவர் எந்தக் கோலைத் தேர்ந்தெடுத்தாலும், அதைப் போட்டி ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்பது நியாயம். அங்கே போய்ப் பிறரிடம் கடன் வாங்கிய கோலால் தாண்டுவதாக இருந்தால், நிறுவனமும் எண்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, பிடியை 10 செ.மீ. இறக்கித் தொடங்க வேண்டும்.

ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு இது இன்னும் கடினம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பின் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் கோலை ஏற்றிச் செல்வது எதிரே வருபவருக்கும் ஆபத்து. கோலை மேலே ஒரு முறை கொண்டுபோய் அங்கேயே வைத்துவிட்டு, கீழே பயிற்சிக்கு வேறொன்றை வைத்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது.

வெயில், பனி, காற்று

சேலத்தின் ஏப்ரல், மே வெயிலில் கை வியர்த்து மேல்கை நழுவுவது உண்டு; அதைச் சமாளிக்கப் பிடியை இறுக்கக் கூடாது, டேப்பைப் புதிதாகச் சுற்றிச் சாக் பூச வேண்டும். ஏற்காட்டில் காலைப் பனியில் கோல் ஈரமாகிறது; துடைத்துவிட்டு, பிடியை ஒரு கை அகலம் இறக்கித் தொடங்குவது போதும். மலையில் காற்று மெலிந்திருப்பதால் ஓட்டத்துக்குச் சற்று உதவும், ஆனால் பிடியையோ கோலையோ மாற்றும் அளவுக்கு அது பெரிதல்ல. ஆடிக் காற்று வேறு. எதிரே வீசினால் வேகம் குறையும், பிடியை இறக்க வேண்டும். பின்னிருந்து வீசினால் அதே மாணவர் அதே கோலில் மெத்தையின் கடைசிக்குப் போய்விடுவார், அப்போது விறைப்புக் கூடியது வேண்டும். ஓடுபாதையின் திசையை மாற்ற முடியாத மைதானங்களில், காற்று சுழலும் மாலையில் உயரம் தாண்ட வைப்பதைவிட ஊன்றல் பயிற்சி தருவது மேல்.

தொடக்கநிலை மாணவர்களும் மூங்கிலும்

கோல் கிடைக்காத இடங்களில் மலை மூங்கிலால் தொடங்குவது இன்றும் உண்டு. அதில் இழிவு ஏதுமில்லை. அமெரிக்காவின் கார்னீலியஸ் வார்மர்டாம் 1942இல் மூங்கிலால் 4.77 மீட்டரைத் தாண்டினார். ஆனால் அது விறைத்த கோல், வளைத்து ஆற்றலைச் சேர்க்காது. நேராக நின்று கையை உயர்த்திப் பிடிக்கும் உயரத்துக்குச் சற்று மேலே மட்டும் பிடித்து, குறைந்த உயரத்தில், முழு மெத்தையின் மேல் பழகட்டும். வெடிப்பு தெரிந்த மூங்கிலை விறகுக்குப் போடுங்கள். முறியும்போது அது கூரிய சிம்புகளாகிறது. கண்ணாடியிழைக் கோலும் முறியும்: 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கியூபாவின் லாசரோ போர்ஹெஸின் கோல் பல துண்டுகளாக உடைந்தது.

நம் மாணவருக்கும் பள்ளிக்கும்

58 கிலோ மாணவரின் விடை இப்படி அமையும். இந்த வாரம் 3.66 மீட்டர் கோலையே 3.44 மீட்டரில் பிடித்து, கால் விழும் இடத்தைச் சரிபார்த்து, தூண்களை 80இல் வைத்துப் பழகட்டும். அப்படியும் மெத்தையின் பின்பாதியில் விழுந்தால் 3.66 மீட்டரில் 135 அல்லது 140 பவுண்டு கோல். 4.00 மீட்டர் கோல் சாமான் அறையிலேயே இருக்கட்டும், வேகம் 8 மீட்டரைத் தொட்டு, எடை 62, 63 கிலோவுக்கு வரும்வரை.

மூன்று கோல் வாங்க மட்டுமே பணமுள்ள பள்ளிக்கு, வெவ்வேறு நீளத்தில் மூன்று என்பதைவிட 3.35 மீட்டரில் 110 பவுண்டு, 3.66 மீட்டரில் 130 பவுண்டு, 3.66 மீட்டரில் 140 பவுண்டு என்று வாங்குவது பயன்படும். 45 முதல் 62 கிலோ வரையிலான மாணவர்களில் பெரும்பாலோர் இவற்றுக்குள் அடங்குவர். பக்கத்துப் பள்ளி 120, 135 பவுண்டு வாங்கினால் இரண்டுக்கும் நல்லது. வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அடிமுனையிலிருந்து அளந்து 10 செ.மீ.க்கு ஒன்றாகப் பிடி அளவுகளை நிறமுள்ள மெல்லிய டேப்பால் குறிப்பது. ஆணியாலோ கத்தியாலோ கீறிக் குறிக்கக் கூடாது, ஸ்பைக்ஸ் போட்ட காலால் மிதிக்கவும் விடக் கூடாது. கீறல் விழுந்த கோல் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முறியும்.